வெட்டிய பெயருக்கு வந்த பொருத்தனை அட்டை

தம்பி என்று என்னைக் கூப்பிட இனி ஒருவரும் இல்லாமல் செய்துவிட்டுப் போன என் அருமை அக்காவுக்கு,

போன வாரம் நம் சர்ச்சில் பொருத்தனை ஞாயிறு. இந்த வருஷம் மாதாமாதம் இவ்வளவு தருவேன் என்று ஒவ்வொரு குடும்பமும் அட்டையில் எழுதிக் கொடுக்கும் நாள். வாசலில் நின்ற செயலாளர் எனக்கு இரண்டு அட்டைகள் தந்தார். ஒன்று என் பெயருக்கு, மற்றது உங்கள் பெயருக்கு. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

"அக்கா ஞாபகமா நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அவங்க ஒரு மாசங்கூட நிலுவ வச்சதில்ல" என்றார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். தெரியாது, அக்கா. பாதியை நான் மறைத்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைச் சர்ச் கமிட்டிக்குத் தெரிவு செய்தார்கள். யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய பதவி! தலைகால் புரியவில்லை. அந்த வருஷம்தான் பொருத்தனைகளைப் பெயரோடு வாசிப்பது என்று முடிவெடுத்தோம், பெரிய தொகையில் தொடங்கிக் கீழே வரும்படி. நீங்கள் வழக்கம்போல ஐந்நூறு ரூபாய் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தால் கடைசியில் வரும்.

சனிக்கிழமை பின்னேரம் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டுக்கு வந்தேன். "அக்கா, நான் கமிட்டியில இருக்கேன். எம் மானத்தையும் கொஞ்சம் பாருங்க. கூட்டிப் போடுங்க" என்றேன். நீங்கள் அடுப்பை ஊதிக்கொண்டே, "எவ்வளவுடா போடணும்?" என்று மட்டும் கேட்டீர்கள். ஆயிரத்து ஐந்நூறு என்று நானே எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் உங்களுடையது.

அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்துச் சம்பளம் கடைக்கடனுக்கும் அரிசிக்குமே பற்றாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குப் போகத் தொடங்கினீர்கள். கிலோக் கணக்கில் கொழுந்து பறித்துக் கொடுத்துத் தனியாகக் காசு வாங்கும் வேலை. ஒன்பது மணிக்கு நாங்கள் ஆராதனையில் எழுந்து நிற்கும்போது நீங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பீர்கள். சர்ச்சுக்குக் காசு கட்டுவதற்காகச் சர்ச்சுக்கு வராமலே போனீர்கள். மாதம் தவறாமல், லயத்தில் உங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மேரி கையில் உங்கள் காசு உறை மட்டும் வந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழமையாவது வாங்கக்கா" என்று ஒருதரம் சொன்னேன். "வந்தா உறை வராதேடா. கடவுள்கிட்ட எழுதிக் குடுத்துட்டு ஏமாத்தலாமா?" என்றீர்கள். கடவுளிடம் நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, அக்கா. என்னிடம்தான் எழுதிக் கொடுத்தீர்கள்.

போன வருஷம் நம் சர்ச் போதகர் ஐயர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தொடர்ந்து ஆறு மாதம் திருவிருந்துக்கு வராதவர்களின் பெயரை அங்கத்தவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. கொழும்பில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கு விலக்கு உண்டு. தங்கள் பெயர் எழுதிய மின்விசிறியைச் சர்ச்சில் மாட்டிய அன்றைக்கு மட்டும் வந்துபோனவர்களும் அதில் அடக்கம். ஐயர் கேட்டதும் முதலில் கை தூக்கியவன் நான். உங்கள் நினைவு அப்போது வரவில்லை என்று இத்தனை மாதமும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வந்தது, அக்கா. அக்கா விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கையைத் தூக்கினேன்.

புதிய பட்டியலைச் சர்ச் கதவில் ஒட்டிய வாரமே நீங்கள் கடைக்கு வந்தீர்கள். "லிஸ்ட்ல எம் பேரு இல்லையாமேடா. எழுத மறந்துட்டாங்களா?" என்று கேட்டீர்கள். "பாத்துச் சொல்றேன்க்கா" என்றேன். பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நீங்களும் மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டீர்களா, புரிந்துகொண்டீர்களா? அந்த மாத உறையும் வந்து சேர்ந்தது.

பிறகு அந்தக் காலை. வேலைக்கு இறங்கிய வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. நான் ஐயரிடம் ஓடினேன். "அங்கத்தவர் இல்லாதவங்களுக்கு வீட்டு வாசல்லதான் ஜெபம், செல்வராஜ். சட்டம் நீங்களும் சேந்துதானே போட்டது?" என்றார்.

மணி அடிக்கவில்லை. சர்ச் கேட்டுக்குள் நுழையாமல், அதைத் தாண்டியே உங்களைக் கொண்டுபோனோம். வெள்ளை உடுத்து வந்திருந்த எங்கள் கடை முதலாளி, அவர் புத்தர் கோயிலான பன்சலைக்குப் போகிற மனுஷர், என் காதருகே குனிந்து சிங்களத்தில் "ஐ பல்லியட்ட கெனியன்னே நெத்தே?" என்று கேட்டார். ஏன் சர்ச்சுக்குக் கொண்டுபோகவில்லை என்று. "வெலாவ மதி, மாத்தயா" என்றேன். நேரம் போதாது என்று பொய் சொன்னேன். உங்கள் பெட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

போன ஞாயிறு பெயர் வாசிக்கும்போது எழுந்து நின்றேன். உங்கள் அட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பேரு அங்கத்தவர் லிஸ்ட்ல இல்ல. காசு லிஸ்ட்ல மட்டும் இருக்கு. வெட்டுனது நாங்க. மொதல்ல கை தூக்குனது நான். இந்தப் பொருத்தனையக் கட்டத்தான் அவங்க ஞாயித்துக்கெழம மலைக்குப் போனாங்க" என்றேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பெறகு பேசுவோம்" என்றார் ஐயர். அடுத்த பெயரை வாசித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் என் பெயரையும் வெட்டச் சொன்னேன். செயலாளர் பதறிவிட்டார். "பேரு போனாப் போகுது, பொருத்தனைய மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். உண்மையாகவே அப்படித்தான் சொன்னார், அக்கா.

என் அட்டையை அவர் முன்னாலேயே நிரப்பினேன். தொகை எழுதும் இடத்தில், நான் செத்தால் என் பெட்டியும் சர்ச் படி ஏற வேண்டாம், வீட்டு வாசலிலேயே ஜெபித்து அனுப்புங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், மற்ற அட்டைகளோடு சேர்த்து வைத்தார்.

இதை யாருக்காகவும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் முழுதாகக் கட்டி முடிக்கப்போகும் பொருத்தனை இது ஒன்றுதான், அக்கா.

உங்களோடு கூடப்பிறந்தவன்,
செல்வராஜ்