என் பெயரைச் சாக்காக வைத்தவளுக்கு

நேற்று ஓசூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது பாய் கடையில் வறுத்த கடலை வாங்கினேன். பாய் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுருட்டி அதில் கொட்டிக் கொடுத்தார். தின்று முடித்துத் தாளைக் கசக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கரியும் உப்பும் ஒட்டிய அந்தத் தாளில் என் பெயர் இருந்தது. 'சாக்கம்மா அழவில்லை. அவளுக்கு அழுகை எப்போதோ வற்றிப் போயிருந்தது.' நீ எழுதிய வரி. நீ செத்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. உன் கதையில் கடலை மடிக்கிறார்கள். எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை.

செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது திட்டினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். இப்போது கேட்டுக்கொள்வதைத் தவிர உனக்கு வேறு வழியில்லை.

காவிரிக் கரையிலிருந்து மாற்றலாகி, குளிருக்குப் போர்வைகூட இல்லாமல் எங்கள் ஓசூர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தாய். நான் பக்கத்துக் கெலமங்கலத்துக்காரி, அதே பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு டீச்சர். ஒரே அறையை வாடகைக்கு எடுத்தோம். இருவருக்கும் கதைப் பைத்தியம். என் கதை இரண்டு அச்சாகியிருந்தது. உன்னுடையதோ அடிக்கடி வரும். அதனால் கதை விஷயத்தில் நீ சொன்னதுதான் சட்டம். "சின்ன வயசுல ஒரு அடி கொடுத்துடுடி, அப்புறம் பாத்திரம் தானா நடக்கும்" என்பாய். உன் கதையில் கஞ்சன் வந்தால் அவன் சிறுவயதில் பட்டினி கிடந்திருப்பான். சிடுமூஞ்சி வந்தால் அவளுடைய அப்பா ஓடிப்போயிருப்பார். மருந்துக்கடையில் நோயைச் சொன்னதும் பொட்டலம் எடுத்துக் கொடுப்பதைப் போல ஆளுக்கொரு காயம் எடுத்துக் கொடுப்பாய்.

"எங்கூரு வட்டிக்கடைக்காரன் செல்லமா வளந்தவன்தான். அவன் மட்டும் ஏன் அப்படி ஊரை அரிக்கறான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் கதைக்கு ஆகமாட்டான்" என்றாய். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைக்கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம். என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நீதான் கேட்டாய். தமிழில் சாக்கு என்றால் கோணிப்பை, இல்லாவிட்டால் நொண்டிச்சாக்கு. கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும். மோர்க்காரியிடம் நீயே தினமும் சொல்கிற சொல்தான் அது. பெண் குழந்தை போதும் என்று அலுத்துப்போய் வைக்கிற பெயர் என்று ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்தது, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன் என்று உனக்குச் சொன்னேன்.

அதோடு நிறுத்தவில்லை. மீதியையும் சொன்னேன், நினைவிருக்கிறதா? என்னைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அப்பா ஆனேக்கல் பக்கத்திலிருந்து இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்த கன்னடக்காரிதான் என் அம்மா. அவள் வந்தபோது நான் பெயர்கூட இல்லாத கைக்குழந்தை. பெயர் வைத்தவள் அவள்தான். அன்று அழுதுகொண்டு வந்த என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஹெத்தவளு ஹோதளு, நானு சாக்கிதெ. அதக்கே சாக்கம்மா" என்றாள். பெற்றவள் போனாள், நான் வளர்த்தேன், அதற்குத்தான் இந்தப் பெயர். கன்னடத்தில் போதும் என்பதற்கும் வளர்ப்பதற்கும் ஒரே சொல்தான். எந்தச் சாக்கு என்பது சொல்கிறவள் வாயைப் பொறுத்தது.

நீ கண் கலங்கிக் கேட்டாய். அந்தக் கண்ணீரை நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

சில மாதத்தில் உன் கதை வந்தது. கெலமங்கலம் அப்படியே. சாக்கம்மா அப்படியே. மோர்க்காரிகூட அப்படியே. கன்னடக்காரச் சித்தி, 'போதும்' என்று வெறுத்து வைத்த பெயர், அதற்கு மேல் ஒரு சூடு. கரண்டியைக் காய்ச்சி, குழந்தையின் கையில் தோளுக்குக் கீழே மூன்று கோடு இழுக்கிறாள் சித்தி. அந்தச் சூட்டால்தான் சாக்கம்மா வளர்ந்த பிறகும் யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறாளாம். வளர்த்த கதை எங்கே என்று தேடினேன். ஒரு வரி இல்லை.

மாநில எல்லை பிரிப்பதில் ஓசூர் தமிழ்ப் பக்கமா கன்னடப் பக்கமா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. கன்னடத்துச் சித்தி தமிழ்ப் பிள்ளைக்குச் சூடு வைத்த கதை என்றால் விடுவார்களா? சந்தையில் கடைக்குக் கடை உரக்கப் படித்தார்கள். தெரிந்த பெண் ஒருத்தி நடுச்சந்தையில் என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "ஆறிப்போயிருக்குது, பாவம்" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? நீதான் சொல்லேன்.

அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "என்னமோ என்னைப் பத்திப் போட்டிருக்குதாமே, படி" என்றாள். வேறு யாராவது படித்துக் காட்டுவதற்கு நானே படிப்பது மேல் என்று படித்தேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள். சூடு வந்த இடத்தில் முறம் நின்றது.

"நானு எப்போ உனக்குச் சூடு வெச்சேன்?"

"நீ வெக்கலம்மா. அவளா எழுதிக்கிட்டா."

"பேரு உன்னுது. ஊரு நம்புளுது. நீ சொல்லாம அவுளுக்கு எப்பிடித் தெரியும்?"

சத்தியம் செய்தேன். காலைப் பிடித்தேன். கதை என்றால் கற்பனையும் சேரும் என்று டீச்சர் புத்தியைக் காட்டினேன். பேர் நிஜம், ஊர் நிஜம், மோர்க்காரி நிஜம், இது மட்டும் எப்படிப் பொய் என்று கேட்டாள். மறுநாள் கிளம்பும்போது, "பஸ்ஸு வந்துடும், போயிட்டு வாங்க டீச்சரம்மா" என்றாள். ஊரார் கூப்பிடுவதைப் போல. அதற்குப் பிறகு அவள் வாயில் என் பெயர் வரவேயில்லை. அவள் வைத்த பெயர்!

அறைக்கு வந்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். பாதியை ஏன் விழுங்கினாய் என்று கத்தினேன். "ரெண்டு அர்த்தத்தையும் வெச்சா கதை நொண்டும்டி. படிக்கிறவாளுக்கு ஒரு காரணம் போதும்" என்றாய். போதும்! உனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "கதைக்கு வேண்டியிருந்தது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றுதான். கெலமங்கலத்துக்கு வா. என் அம்மா முன்னால் உட்கார். 'சூடு நானா எழுதினது, உங்க பொண்ணு சொல்லலை' என்று ஒரே ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் எடுபடவில்லை, எழுதியவள் சொன்னால் நம்புவாள். வருகிறேன் என்றாய். அடுத்த சந்தைக்கு, பரீட்சை முடியட்டும், சளி விடட்டும். நாக்கு தேயத் தேய எத்தனை முறை கூப்பிட்டேன். ஒருநாள் பள்ளிக்கூட வராந்தாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அந்த ஒரு வார்த்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உன் அண்ணன் வந்து சேர நேரமாகும் என்று தந்தி வந்தது. வீட்டுக்காரம்மாவும் நானும்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். முழங்கை வரை இறங்கும் உன் ரவிக்கையைக் கழற்றினேன். இடது தோளுக்குக் கீழே மூன்று கோடு. பழைய தழும்பு, பளபளவென்று, நீ எழுதியதைப் போலவே சமமான இடைவெளியில். வீட்டுக்காரம்மா, "ஐயோ, பெத்தவங்களா இப்பிடி?" என்றாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

யார் வைத்தது? உன் அம்மாவா? அடிக்கொரு தரம் 'எங்காத்து அம்மா தங்கம்' என்பாயே, அந்த அம்மாவா? எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் சூட்டை எழுத உனக்கு உன் கை இல்லையா? உன் ஊர் இல்லையா? எதற்காக அந்தக் கரண்டியைக் கொண்டுவந்து, எனக்குச் சோறூட்டிய கையில் கொடுத்தாய்? உன் வலியை வெளியே சொல்ல என் பெயரா கிடைத்தது சாக்காக? அடி பட்டவள் நீ. அதை ஊரறிய வாங்கிக் கட்டிக்கொண்டவள் என் அம்மா.

நானும் எழுதுகிறேன். என் பாத்திரங்களும் அடிபட்டவர்கள்தான். உலகத்தில் அடிபடாமல் வளர்ந்தது யார்? ஆனால் ஒருத்திக்குக் காயம் கொடுக்கப் பேனா போகும்போதெல்லாம், இது யாருடையது, யார் கையில் பழியைப் போடுகிறேன் என்று கேட்காமல் எழுத முடிவதில்லை. பக்கம் நகர மாட்டேன் என்கிறது. கதைகள் குறைந்துவிட்டன. அதுவும் உன்னால்தான்.

உன் தழும்பைப் பற்றி அம்மாவிடம் சொன்னால் போதும். சூடு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கிவிடும். என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். பலமுறை வாய் வரை வந்தது. சாகும்வரை ரவிக்கைக் கைக்குள் நீ மூடி வைத்ததைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. நீ செய்ததையே நானும் செய்ய மாட்டேன். பார், இத்தனை திட்டியும் இந்தக் கடிதத்தில் உன் பெயரை ஓரிடத்திலும் எழுதவில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. காலடிச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றாள்.

"நான்தாம்மா, சாக்கம்மா."

கொஞ்சம் நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டு, "உக்காருங்க டீச்சரம்மா" என்றாள்.

உட்கார்ந்தேன். உன் தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.