தள்ளி நிற்க ஒரு லென்ஸ்

ஜூலை 11, வெள்ளி.

துபாயிலிருந்து லீவில் வந்து பத்து நாளாச்சு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொச்சி தீம் பார்க் போகிறோம். கேமராவுக்கு வாடகை லென்ஸ் எடுக்க, ஒன்பது வயது மகள் சஃபியாவோடு தென்காசி ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"பக்கத்துல நின்னு எடுக்கணும்னா இந்த வைடு, அண்ணாச்சி. தள்ளி நின்னுன்னா ஜூம்" என்றார் கடைக்காரர்.

நான் வைடைக் கையில் எடுத்தேன்.

சஃபியா அவரிடம், "ஜூம் குடுங்க மாமா. இவங்க பக்கத்துல வந்தா எனக்குச் சிரிப்பே வராது" என்றாள்.

இவங்க. வாப்பா என்று சொல்லவில்லை.

ஜூமையே எடுத்து வந்தேன். வீட்டில் அதைக் கேமராவில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தேன். அடுக்களையில் சஃபியா தன் உம்மாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நான் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.