மரமியாவும் வெந்தயமும்

என் மனதுக்கு நெருக்கமான அவ்னி அவர்களுக்கு, அன்ஜராவிலிருந்து ஹியாம் எழுதுவது. குவைத்தின் வெயிலில் உங்கள் உடல் நலமாக இருக்க வேண்டும். மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஒலிவ மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. கூரை ஒழுகலை என் அண்ணன் வந்து அடைத்துவிட்டார்.

தொலைபேசியில் நீங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள், நான் மழையைப் பற்றிச் சொல்கிறேன், இணைப்பு அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தாமிரை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பிய பிறகுதான் எனக்குப் பால் கட்டியது. பிள்ளை போய்விட்ட செய்தியை என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போல. மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்தது. மாமி மலைச்சரிவிலிருந்து மரமியா இலை பறித்து வந்து காலையும் மாலையும் கொதிக்க வைத்துக் கொடுத்தார். "குடிச்சிரு மகளே, இது வத்த வச்சிரும்" என்றார். வீடு முழுக்க அந்தக் கசப்பு மணம்தான். நான் ஜன்னலோரம் படுத்துக் கருவாலி மரங்களுக்கிடையே பனி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எது பகல், எது கனவு என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பால் மெல்ல மெல்லக் குறைந்தது. அது முழுதும் நின்றுபோனால் அவன் வந்ததற்கு என்னிடம் என்ன அடையாளம் இருக்கும் என்று ஒரு பயம் மட்டும் இருந்தது.

மேல்வீட்டு நஜாஹை உங்களுக்குத் தெரியும், ஃபவ்வாஸின் மனைவி. பெண் குழந்தை பிறந்த கையோடு அவளுக்கு மார்பில் கட்டி என்று இர்பித் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பால் கொடுக்கக் கூடாதாம். குழந்தை புட்டிப்பாலைக் குடிக்கவில்லை, குடித்ததையும் கக்கியது. ஒருநாள் மத்தியானம் ஃபவ்வாஸ் அதைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். "ஆட்டுப்பால் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

"பச்சை மண்ணுக்கு ஆட்டுப்பாலா? மீசை வளர்ந்த அளவுக்கு உனக்குப் புத்தி வளரலையே!" என்று மாமி சத்தம் போட்டார்.

குழந்தை அழுதது. உள்ளே என் சட்டை நனைந்தது. வற்றிப்போனது என்று நினைத்திருந்தேன். எழுந்து போய் இரண்டு கைகளையும் நீட்டினேன். ஃபவ்வாஸ் மாமியைப் பார்த்துவிட்டுக் குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

மாமி என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "என் மகனைக் கேக்காம எப்படிடி? நீ பால் குடுத்தா இவ அவனுக்கும் மகளாயிருவா. நாளைக்கு அவன் ஒத்துக்கலைன்னா?" என்றார். குழந்தை என் கழுத்தடியில் வாயைத் திறந்து தேடிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்தார். பிறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மரமியாவை அப்படியே எடுத்துப்போய் மாதுளை மரத்தடியில் கொட்டிவிட்டு, வெந்தயத்தை வறுக்க ஆரம்பித்தார்.

முதலில் ஒன்றும் சரியாக வரவில்லை. குழந்தை இழுத்துப் பார்த்து, கோபத்தில் முகம் சிவந்து கத்தும். நானும் கூடவே அழுவேன். சுகாதார நிலையத்து நர்ஸ் ஷாதியா வந்து பார்த்தாள். பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று இருக்கிறதாம். மரமியா அதை அடக்கும், வெந்தயமும் சோம்பும் எழுப்பிவிடும் என்று பெண்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம், டாக்டர்களே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாள். "ஆனா புள்ளை வாய் வைக்கிறதுக்கு மிஞ்சின மருந்து கிடையாது அக்கா. விடாம வச்சிக்கிட்டே இருங்க. புள்ளை எடை ஏறுதான்னு நான் வந்து பாக்கறேன்."

விடாமல் வைத்தேன். மாமி வெந்தயக் கஞ்சியும் சோம்புத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் வியர்வையில்கூடப் பாகு காய்ச்சும் மணம். ஒரு விடியலில், கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, அவள் விழுங்கும் சத்தம் கேட்டது. மளக், மளக் என்று. வேறு எந்தச் சத்தமும் அப்போது உலகத்தில் இல்லை. அவளுக்கு எடை கூடிவிட்டது என்று ஷாதியா சொல்லிவிட்டுப் போனாள்.

நஜாஹ் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "எம்பொண்ணுக்கு ரெண்டாவது அம்மா கெடச்சதுல சந்தோஷம். ஆனா அந்த அம்மா என்னைவிட அழகியா இருக்காளே, அதான் வயித்தெரிச்சல்." சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகோ சிரித்தேன். மாமியும் சிரித்துவிட்டு, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தையின் பெயர் நிஸ்ரீன். தாமிருக்கு உரியதை யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று நினைப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் நான் நினைப்பது மட்டும் போதாது. பள்ளிவாசல் ஷேக்கிடம் மாமி கேட்டுவிட்டார்: அவளுக்கு நீங்கள் பால்வழித் தகப்பன், நம் தாமிர் அவளுக்கு அண்ணன்.

கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். விடுப்பு கிடைத்தால், அவள் பால்குடி மறப்பதற்குள் ஒருமுறை வாருங்கள். முதலில் அவனிடம் போவோம், கல்லறையில் செடிகள் முளைத்திருக்கின்றன. அப்போது இவளையும் தூக்கிக்கொண்டு போகலாம், நீங்கள் தூக்குவதாக இருந்தால்.

மின்கம்பிகளுக்கு நடுவே வேலை செய்யும் உங்கள் கைகளை இறைவன் காக்கட்டும்.

உங்கள்,
ஹியாம்