பூனைத் தட்டை யார் கழுவினது?

என்னங்க,

"பூனைக்கு வயசாகுது, அதான் தூங்குது. உனக்கு எதைப் பார்த்தாலும் நோய்தான்"னு ஞாயித்துக்கிழமை சொன்னீங்க. "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அலட்சியம்தான்"னு நான் சொன்னேன். அதோட பேச்சு நின்னுபோச்சு.

இன்னைக்குக் குப்பையைக் கட்டும்போது, பூனைக்கு வச்ச சோறெல்லாம் அதுல அப்படியே கிடந்ததைப் பார்த்துதான் தெரிஞ்சுது. நான் வச்சதை மிச்சம்னு நீங்க கொட்டித் தட்டைக் கழுவியிருக்கீங்க. நீங்க வச்சதை நான் கொட்டியிருக்கேன். மத்தவர் வச்சதைத் தின்னிருக்கும்னு ரெண்டு பேருமே நினைச்சிருக்கோம். அது ரெண்டு நாளா ஒரு வாய்கூடத் தின்னலை. தண்ணிதான் ஓயாம குடிக்குது. உடம்பை நக்குறதையும் விட்டுடுச்சு, முதுகெல்லாம் சிக்கு. இது வயசு இல்லைங்க.

டாக்டர் அஞ்சு மணிக்கு வரச் சொன்னார். எனக்கு ஏழு வரைக்கும் வேலை, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். கூடை பீரோ மேல இருக்கு. பூனை கட்டிலுக்கு அடியில பதுங்கியிருக்கு, பிடிச்சு இழுக்காதீங்க. கூடையில உங்க பழைய சட்டையைப் போட்டா தானா வரும். நான் மேல சொன்னதையெல்லாம் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

மேஜை மேல மூடி வச்சிருக்கிற சாப்பாடு உங்களுக்கு. நீங்களும் மிச்சம் வைக்காதீங்க.

இன்னொண்ணு. டாக்டர் சொன்னதைப் பதிலுக்குச் சீட்டுல எழுதி வைக்காதீங்க. ரெண்டு நாளா தொண்டை வரைக்கும் வந்து நிக்குது, எழுதிடுறேன்: திட்டினாலும் பரவாயில்லை, என்கிட்ட பேசுங்க.