துக்கம் கேட்கப் போகாத வீடு

பிப்ரவரி 11
அப்பா தவிர எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மத்தியானம் எங்கள் தகரக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து முற்றத்தில் விழுந்தது. வருஷா வருஷம் விழுவதுதான். அப்பா ஓடிப்போய் வெறுங்கையால் அந்தக் குவியலைத் தோண்டினார். நகக்கண்ணில் ரத்தம். "உள்ளே யாரும் இல்லப்பா" என்றேன்.

"பேசாதே! சத்தம் கேக்கணும்!"

அப்பா வேலை பார்க்கும் மீட்புப் படையில் அப்படித்தான் கத்துவார்கள். புதைந்தவர் முனகினால் கேட்க வேண்டுமே. ஆனால் என்னைப் பார்த்த அந்தக் கண்ணு— அது அப்பா கண்ணே இல்ல.

பிப்ரவரி 12
அம்மா சொன்னாள்: "வெளியே மூச்சு விடாதே. பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க."

பிப்ரவரி 20
அப்பாவின் படைத் தலைவர் துர்துபேக் மாமா வந்தார். கணவாயில் பால் வண்டி பனியில் புதைந்த நாளிலிருந்தே அப்பா தூங்குவதில்லை, சரியில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"பிஷ்கெக்கிலேருந்து மனசுக்கு வைத்தியம் பாக்குற குல்சானா வந்திருக்கா. அவகிட்ட போய்ப் பேசு. இல்லேன்னா இனி மீட்புக் கயித்தைத் தொட விடமாட்டேன்."

"பேசினா செத்தவன் எழுந்து வருவானா?"

"வரமாட்டான். நீ வருவேடா, கழுதை!"

மார்ச் 3
அப்பாவுக்குத் துணையாகப் போனேன். குல்சானா அக்காவின் அறைக்கதவு சரியாக மூடாது; வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அப்பா ஒப்பித்தார்: "பனிச்சரிவு. வாகனம் ஒன்று. ஆள் ஒருவர். உயிரில்லை." படையின் வயர்லெஸ்ஸில் சொல்வது மாதிரியே.

"இது அறிக்கை, அண்ணே. கண்ணை மூடிக்கிட்டு, இப்போ நடக்குற மாதிரி சொல்லுங்க."

"முடியாது."

"சரி. அடுத்த தடவை பாதி சொல்லுங்க. இது சரியாகுற விஷயம். நான் பாத்திருக்கேன்."

அந்த அக்கா குரலில் பயமே இல்லை.

மார்ச் 17
பாதி சொன்னார்!

ஏப்ரல் 7
முழுக்கச் சொல்லிவிட்டார். காதைப் பொத்தியும் கேட்டுவிட்டது. பால் வண்டி ஓட்டிய நூர்தின் உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தானாம். தோண்டி எடுப்பதற்குள் அந்தத் தட்டல் நின்றுவிட்டதாம். அதற்கு முன்பே அப்பா, சாலையில் நின்ற அவன் அம்மாவிடம் "உயிரோட இருக்கான்" என்று சொல்லிவிட்டார்.

"துக்கம் கேக்கப் போனீங்களா?" என்றார் அக்கா.

நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது.

"எந்த மூஞ்சியோட?"

எங்கள் ஊரில் பகையாளிகூடப் போவான். தூரத்தில் வரும்போதே ஆண்கள் ஓவென்று அலறிக்கொண்டுதான் துக்க வீட்டுக்குள் நுழைவார்கள். அப்பா மட்டும் போகவில்லையா?

மே 5
இன்று நூர்தின் வீட்டுக்குப் போனோம். காரை நிறுத்தியும் அப்பா ஸ்டியரிங்கை விடவில்லை. திரும்பிடுவாரோ? திரும்பிடாதீங்கப்பா—

இறங்கினார். வேலியருகே போனதும் அலறினார்: "என் ஈரக்குலையே! தம்பி!" அவருக்கு அப்படியொரு குரல் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

நூர்தினின் அம்மா வெளியே வந்து அப்பாவின் மார்பில் குத்தினார். "இவ்வளவு நாளா எங்கேய்யா போனே? என் பிள்ளையைக் கடைசியா தூக்கின கை உன்னோடதுதானே! வேற யாரைப் போய்க் கேப்பேன்?"

அப்பா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தட்டியதையும் சொன்னார். அவர் கையை விடாமல் அந்த அம்மா கேட்டார்.

திரும்பும் வழியில், "தூக்கம் வருது, கொஞ்சம் நிறுத்துறேன்" என்றார். மேய்ச்சலுக்கு மலையேறும் ஆட்டு மந்தை காரை உரசி, கத்திக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனது. அப்பா வாய் திறந்து குறட்டை விட்டார். நான் எழுப்பவில்லை.