மாமா விரும்பிக் குடித்த சூப்

என் அருமை மாமாவுக்கு,

ஐயோ மாமா, உங்களுக்கு நான் மீன் கொடுத்துவிட்டேன்! ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. கடைசி நான்கு மாதமும், தினமும் சாயங்காலம், என் கையாலேயே.

நேற்றுத்தான் தெரிந்தது. ஜப்பானியச் சமையலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். மரக்கட்டையாகக் காய்ந்த மீனைச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டிய தண்ணீரில்தான் மிசோ சூப் வைப்பார்களாம். கடையில் விற்கும் சூப் பொடியும் அந்த மீன்தானாம்.

சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு ரசம்கூட இறங்கவில்லையே என்றுதான், ஆபீஸ் விருந்தில் நான் ருசித்த அந்த சூப்பை வீட்டில் வைத்தேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மிசோ விழுதைக் காட்டி, "பையா, யே வெஜ் ஹை நா?" என்று, சைவம்தானா என்று கடைக்காரரிடம் கேட்டேன். சோயாபீன்தான் என்றார். விழுதைப் பற்றிக் கேட்டவள், கூட வாங்கிய சூப் பொடியைப் பற்றிக் கேட்கவில்லை. துண்டு எதுவும் மிதக்காத சூப்பில் மீன் இருக்கும் என்று நம் சைவ வீட்டில் யாருக்குத் தோன்றும்?

பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் முட்டை இருக்கிறது என்று அதை வாசலோடு திருப்பி அனுப்பியவர் நீங்கள். உங்கள் சைவத்தைக் கெடுத்துவிட்டேனே, பாவி!

அழுதுகொண்டே உங்கள் பேத்தியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மம்மி, தாத்தாவுக்குத் தெரியும். பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். ஜப்பானீஸ்ல இருந்தது, நான்தான் போன்ல படிச்சு, ஃபிஷ்னு சொன்னேன்."

"எப்போடீ?"

"ஃபர்ஸ்ட் வீக்லயே. 'அச்சா, உங்கம்மாட்ட சொல்லிராத, நிறுத்திருவா. ரொம்ப ருசியா இருக்குடி'ன்னார்."

மாமா! எழுபத்தாறு வருஷச் சைவத்தையா ஒரு கிண்ணம் சூப்புக்கு விட்டீர்கள்? இல்லை, விஷயம் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று குழந்தையிடம் ஒரு சாக்குச் சொன்னீர்களா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்? ஆனால் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினீர்களே, நான் பார்த்தேனே. அது எப்படிச் சாக்காகும்?

உங்கள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதிவைக்கிறேன்.

வருகிற ஆனியில் உங்கள் திதி. இலையில் எல்லாம் சைவமாகவே இருக்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்கள் போன பிறகு உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப் வைப்பேன் மாமா, இது சத்தியம். இந்தத் தடவை மீன் என்று தெரிந்தே வைப்பேன்.

உங்கள் களவுக்குக் கூட்டாளியாகிவிட்ட மருமகள்,
சிவகாமி