சுரேஸ் என்பவரின் எஞ்சின்

கட்டுகஸ்தோட்டை
6 ஜூலை 2024

என் அக்காள் பெற்ற அறிவுக் களஞ்சியமே, மருமகளே நிஷாந்தி,

இங்கே உன் சுகிர்தா அத்தை, நான், மாடி மேசையில் நம் குட்டி ரயில்பாதை, நீ என்னை நம்பி விட்டுப்போன நீல எஞ்சின், எல்லோரும் பரம சௌக்கியம். வாட்ஸ்அப்பை விட்டுத் தபாலில் எழுதக் காரணம், என் போனை உன் அத்தை வாசித்து முடித்த பிறகுதான் நான் வாசிக்கிறேன்.

விஷயம் என்னுடையது அல்ல. கம்பளையில் சுரேஸ் என்று எனக்கொரு நண்பர். அவரிடமும் அச்சு அசலாக உன்னுடையதைப் போல ஒரு நீல எஞ்சின். கேக் தகரத்தில் செய்த சுரங்கத்துக்குள் அது இருட்டில் போவதைப் பார்க்க மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. மூடியைக் கழற்றி, இருந்த கடுகு பல்புக்குப் பதிலாக த்ரீவீலர் ஹெட்லைட் பல்பை மாட்டிவிட்டார். அரை விநாடி ஊரெல்லாம் பகல். பெரஹரா ஊர்வலம் தொடங்கிவிட்டதென்று யானைகள் எழுந்து நின்றன. பிறகு புகை; ஹந்தானை மலையையே காணோம். எஞ்சினின் மூளையான டிகோடர் கருகிவிட்டது.

புது மூளை வைப்பது எப்படி? "மூடியைத் திறந்தால் எஞ்சினை லீட்ஸுக்குக் கொண்டுபோய்விடுவேன்" என்று நீ எனக்குப் போட்ட சட்டத்தை அவரிடம் சொன்னேன். அவருக்கு ஏனோ வியர்த்துக் கொட்டியது.

மேசை ரயில்வேயின் ஆயுட்காலப் பொது முகாமையாளர்,
கணேஸ் மாமா

லீட்ஸ்
20 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நண்பரின் துக்கத்தில் பங்குகொள்கிறேன். கம்பளையில் கிளம்பிய புகை உங்கள் பக்கம் கண்டியிலுள்ள ஹந்தானையை எப்படி மறைத்தது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இத்துடன் புது டிகோடர். பழையதைப் பிடுங்கிவிட்டு, இதன் எட்டுக் கால் பிளக்கை அதே துளைகளில் செருகச் சொல்லுங்கள். செம்மஞ்சள் வயர் உள்ள மூலை, 1 என்று போட்டிருக்கும் பக்கம் வரவேண்டும். புது மூளைக்குப் பழைய நம்பர் தெரியாது. கொன்ட்ரோலரில் 3 என்று கூப்பிட்டால்தான் அசையும். பழைய பல்பையே போடட்டும். த்ரீவீலர் நிற்கும் பக்கமே அவர் போகக்கூடாது.

டிசம்பரில் வருகிறேன். என் எஞ்சினை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
நிஷா

கட்டுகஸ்தோட்டை
18 ஆகஸ்ட் 2024

டிகோடர் வைத்தியத் திலகமே,

சத்திரசிகிச்சை நடந்தேறியது. ஆயுதம், உன் அத்தையின் புருவம் பிடுங்கும் குறடு. சுரேஸ் சிந்திய வியர்வையில் மகாவலி ஆறு கரை புரண்டது. எஞ்சின் எழுந்துவிட்டது! ஒரே ஒரு சின்னக் குறை: முன்னே போ என்றால் பின்னே போகிறது. விளக்கும் எரியவில்லை.

சுரேஸ் தளரவில்லை. எஞ்சினைத் திருத்துவதைவிட இலங்கையைத் திருத்துவது சுலபம் என்று, மேசையில் பேராதனை ஸ்டேஷனைத் தூக்கிக் கடுகண்ணாவை ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் நட்டுவிட்டார். உன் அத்தை எட்டிப் பார்த்து, "நிஷா வரட்டும், நல்லாக் குடுப்பா, இருங்க!" என்றாள். சுரேஸைத்தான் சொல்கிறாள்.

உன் எஞ்சின் அலுமாரியில் தூங்குகிறது. படம் எடுக்கப் போனேன், வெட்கப்பட்டது.

கணேஸ் மாமா

லீட்ஸ்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிளக்கைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார். கழற்றித் திருப்பினால் நாடு பழைய இடத்துக்கு வரும், விளக்கும் எரியும்.

புகை வந்த அன்றே அத்தை வீடியோ அனுப்பிவிட்டா. சுரேஸ் மாமா உங்கள் மாடியில், உங்கள் சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஈரத் துவாயோடு குதிக்கிறார். வழுக்கைகூட உங்களுடையதுதான். பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். மூடி திறந்த எஞ்சினை வைக்கப் பெட்டியில் இடம்கூட ஒதுக்கினேன். அப்புறம்தான் யோசித்தேன்: திறந்தது சுரேஸ் மாமாவுடையதாயிற்றே, அடுத்தவர் பொருளை நான் எப்படி எடுப்பேன்? என்னுடையதுதான் அலுமாரியில் பத்திரமாகத் தூங்குகிறதே. அது உங்களிடமே இருக்கட்டும், மாமா.

நிஷா

கட்டுகஸ்தோட்டை
17 செப்டம்பர் 2024

என் மருமகளே,

திருப்பிச் செருகியாயிற்று. முன்னே போ என்றால் முன்னே போகிறது. கேக் தகரத்துக்குள் நுழையும்போது கடுகளவு வெளிச்சம், அது போதும். "தள்ளுங்க, நான் ஓட்டுறேன்" என்று உன் அத்தை கொன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள்.

உன் கடிதத்தைச் சுரேஸுக்கு வாசித்துக் காட்டினேன். மனுஷன் அழுதுவிட்டார். லேசில் அழுகிற ஆள் இல்லை.

டிசம்பரில் உன்னைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அவரும் வருகிறாராம். நாங்கள் வரும் வான் வண்டியில் அவருக்குத் தனி இருக்கை வேண்டாம்.

கணேஸ் மாமா